பிராக்கெட் போட்டபின் வேகம் குறைந்தது ஏன்?

கேள்வி: என் 18 அடி ஃபைபர் படகில் பின்பலகையிலிருந்து ஓரடி பின்னால் தள்ளி பிராக்கெட் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) போட்டு, அவுட்போர்டு எஞ்சினை (படகுக்கு வெளியே மாட்டும் எஞ்சின்) அதில் பழைய உயரத்திலேயே மாட்டினேன். வேகம் குறைந்து, பின்னால் தண்ணீர் வாரியடிக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: எஞ்சினை உயர்த்துங்கள் தம்பி. படகு வேகமெடுத்ததும் அடியிலிருந்து வெளிவரும் தண்ணீர் பின்னால் போகப்போக மேலே எழும்பும், அதனால் தள்ளி மாட்டிய எஞ்சின் தேவைக்கு மேல் மூழ்கி இழுவையைக் கூட்டுகிறது. புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, எஞ்சின் நேராகப் பின்பலகையில் இருந்தால் அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும். ஓரடி தள்ளினால் அதைவிட சுமார் 1 அங்குலம் ஏற்றலாம். இது ஆரம்பக் கணக்குதான்.

கரையில் நீளமான நேர்க்கட்டையை அடிப்பகுதியோடு ஒட்டிப் பின்னால் நீட்டி அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு போல்ட் ஓட்டையாக ஏற்றி, வழக்கமான சுமையோடு ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் தகடு தண்ணீர் மட்டத்தில் லேசாகத் தெரிந்தால் சரி. (வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் உட்கார்ந்தபடியே பாருங்கள், எட்டிக் குனிய வேண்டாம்.) திருப்பத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி படகு முன்னே போகாவிட்டால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது என்று பொருள், ஒரு ஓட்டை இறக்குங்கள்.

எஞ்சினிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்தால் வேகம் எவ்வளவு கூடியிருந்தாலும் உடனே இறக்கிவிடுங்கள், குளிர்ச்சி இல்லாமல் எஞ்சின் கருகிவிடும்.