எமுலேட்டரும் பாடபேதமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வகுப்பு முடிந்த மாலைகளில் பழைய கணினி விளையாட்டுகளை எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப் போலவே நடக்கும் மென்பொருள்) ஓட்டி, அவற்றின் ரோமை (விளையாட்டின் நிரல் பதிந்த நினைவகம்) வரிவரியாகப் படிப்பதாகச் சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் கணினி அறிவியலில் முதுகலை படிக்கிறேன். கட்டுரையை நண்பர்களுக்கு அனுப்பினேன். “சின்ன வயதில் ஆடியிருப்பார், அந்த ஏக்கம்” என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. அந்தக் கணினிகளை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அவற்றில் என்ன இருக்கிறது? இன்னொரு கேள்வி. எமுலேட்டர் எழுதுபவர்கள் ‘துல்லியம்’ என்று ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள்? விளையாட்டு ஓடினால் போதாதா? அடுத்தவர் படைப்பை இப்படி நகலெடுப்பது சரியா என்றும் ஒரு நண்பர் கேட்டார். நானும் இதில் இறங்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஏக்கம் என்ற விளக்கம் எனக்குப் பொருந்தாது. நான் அதிக நேரம் செலவிட்ட இயந்திரம், டிவியோடு இணைத்து ஆடும் அடாரி 2600 என்ற விளையாட்டுக் கணினி. அது வந்தது 1977இல். சிறுவயதில் நான் அதைத் தொட்டதே இல்லை. ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்து, எமுலேட்டர் வழியாகத்தான் முதன்முதலில் பார்த்தேன். பார்த்த அன்றிரவு தூங்கவில்லை.

அதன் ராம், அதாவது தற்காலிக நினைவகம், 128 பைட். உங்கள் கடிதத்தின் முதல் வாக்கியம்கூட அதற்குள் அடங்காது. திரைக்கென்று தனி நினைவகமும் கிடையாது. டிவியின் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கோட்டை அது கடக்கும் நேரத்தில் பிராசசருக்குக் கிடைப்பது 76 சுழற்சிகள், அதாவது அதன் கடிகாரத் துடிப்புகள். ஒரு ஆணைக்குக் குறைந்தது 2 சுழற்சி போய்விடும், பலவற்றுக்கு 3, 4. ஆக, இருபது சொச்சம் ஆணைகளுக்குள் அந்தக் கோட்டில் எங்கே என்ன நிறம், எந்த உருவம் என்று சொல்லி முடித்துவிட வேண்டும். ஒரு சுழற்சி பிந்தினாலும் கற்றை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும், படம் கோணலாகும். அந்த நிரலை எழுதியவர் படத்தை வரைந்து வைத்துவிட்டுக் காட்டவில்லை. கற்றையோடு கூடவே ஓடிக்கொண்டே வரைந்தார், நொடிக்கு 60 முறை.

நான் வகுப்பில் நடத்துவது இயங்குதளம். உங்கள் கையிலுள்ள ஃபோனை முழுவதுமாக அறிந்த ஒரு மனிதர் உலகில் கிடையாது. ஆளுக்கு ஒரு அடுக்கு தெரியும். அடாரி 2600ஐ ஒரு ஆள் முழுவதுமாகத் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியும். மின்சாரம் வந்த நொடியிலிருந்து திரையில் ஒரு புள்ளி ஒளிரும் வரை இடையில் நடப்பது எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல். கணினி படிக்கும் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்த அனுபவம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்தக் கணினியைக் கண்டதில்லை என்பது இதற்கு ஒரு தடையே அல்ல.

துல்லியம் பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைச் சுடும் விளையாட்டு ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978, டைட்டோ நிறுவனம். வடிவமைத்தவர் தொமோஹிரோ நிஷிகாதோ. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். பிராசசர் 2 மெகாஹெர்ட்ஸ் 8080. அதனால் 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியாது, எனவே நிரல் ஒரு பிரேமுக்கு (திரை ஒருமுறை வரையப்படும் நேரம்) ஒருவரை மட்டும் நகர்த்துகிறது. எல்லாரும் ஒரு அடி வைத்து முடிக்க 55 பிரேம், ஏறக்குறைய ஒரு நொடி. நீங்கள் சுட்டு வீழ்த்த வீழ்த்த முறை சீக்கிரம் சீக்கிரம் வருகிறது, படை வேகமெடுக்கிறது. கடைசியில் மிஞ்சும் ஒருவன் ஒவ்வொரு பிரேமிலும் நகர்கிறான், பாய்ந்து வருகிறான். கை வியர்க்க வைக்கும் அந்த வேகத்துக்குக் காரணம் இயந்திரத்தின் இயலாமை. நிஷிகாதோ அதைக் கவனித்தார், அது நன்றாக இருக்கிறது என்று கண்டு அப்படியே விட்டுவிட்டார்.

இதற்கு நான் எழுதிய முதல் எமுலேட்டரில் 8080இன் ஆணைகள் அத்தனையும் சரியாக இருந்தன. ஆனால் அந்த இயந்திரத்தில் திரை பாதி வரையப்பட்டதும் ஒரு இன்டரப்ட் (பிராசசரை இடைமறிக்கும் சமிக்ஞை), முழுதும் முடிந்ததும் இன்னொன்று வரும். அந்த நேரத்தை நான் கணக்கில் எடுக்காமல், முடிந்த வேகத்தில் இரண்டையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டு ‘ஓடியது’. 55 பேரும் கண்மூடித் திறப்பதற்குள் தரையில் வந்து நின்றார்கள். எண்கள் எல்லாம் சரி, விளையாட்டு மட்டும் இல்லை. பழைய இயந்திரத்தின் மெதுவும் அந்தப் படைப்பின் ஒரு பகுதி என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிழைகளும் அப்படித்தான். பேய்கள் துரத்தும் பேக்மேன் விளையாட்டில் (1980) இளஞ்சிவப்புப் பேய், பேக்மேன் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வரும். பேக்மேன் மேலே பார்த்தால் மட்டும் கணக்கு பிசகுகிறது. நான்கு கட்டம் மேலே போக வேண்டிய குறி, இடப்பக்கமும் நான்கு கட்டம் நகர்ந்துவிடுகிறது. நிரலில் நேர்ந்த ஒரு கூட்டல் பிழை அது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அந்தப் பிழையை நம்பித்தான் வழி வகுக்கிறார்கள். அதே விளையாட்டின் 256ஆம் நிலையில், 255க்கு மேல் எண்ண முடியாத 8 பிட் எண் நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி முழுவதும் குப்பை எழுத்துகளாகிவிடும். எமுலேட்டர் எழுதுபவர் இவற்றைத் திருத்திக் கொடுத்தால் அது நல்ல எண்ணத்தில் செய்த சேதம். சுவடி பதிப்பித்தவர்கள் தமக்குப் புரியாத சொல்லைத் தாமே மாற்றாமல் பாடபேதமாக (சுவடிக்குச் சுவடி மாறும் வாசகமாக) குறித்து வைத்தார்களே, அந்த ஒழுக்கம்தான் இங்கும் வேண்டும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுகளைக் காப்பதற்காக 1997இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ எமுலேட்டரில் ஒரே விளையாட்டின் பல ரோம் பதிப்புகள் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதைப் பாருங்கள். எனக்கு அந்தப் பட்டியலைப் படிப்பதே பெரிய மகிழ்ச்சி.

நகலெடுப்பது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். எமுலேட்டர் வேறு, விளையாட்டின் ரோம் வேறு. எமுலேட்டர் செய்வதற்காக ஒரு இயந்திரத்தின் நிரலை ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று சோனி – கனெக்டிக்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரோமின் பதிப்புரிமை அதை உருவாக்கியவரிடமே இருக்கிறது. இன்றும் விலைக்குக் கிடைப்பதை வாங்கித்தான் ஆட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விற்கவும் மாட்டார்கள், நூலகம் ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து காட்டவும் கூடாது என்றால் அந்த 87 சதவீதம் என்ன ஆகும்? அப்படிக் காட்ட நூலகங்கள் கேட்ட அனுமதியை 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. அது தவறான முடிவு என்றே கருதுகிறேன்.

ஏனென்றால் காலம் காத்திருக்காது. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கேட்டை இன்றும் விரித்துப் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி லேசர் தட்டில் வெளியிட்ட புதிய கணக்கேடு, பதினாறே ஆண்டுகளில் படிக்க இயந்திரமில்லாமல் தவித்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் எமுலேட்டர் எழுதித்தான் அதை மீட்டார்கள். கேப்காம் நிறுவனத்தின் ஒரு வகை ஆர்கேட் மின்சுற்றுப் பலகையில், பூட்டிய ரோமைத் திறக்கும் சாவி எண் ஒரு சிறு பேட்டரியின் தயவில் நிற்கிறது. பேட்டரி தீர்ந்த அன்று பலகை செத்துவிடும். என் ஆய்வுக்கால நிரல்கள் இருந்த ப்ளாப்பி வட்டுகளையும் நான் இப்படித்தான் இழந்தேன். நகல் எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஓலையும் செல்லரிக்கும், பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததால்தான் நூல்கள் நமக்கு வந்தன.

சில நேரம் அதிர்ஷ்டமும் துணை நிற்கிறது. ஆப்பிள் II கணினிக்காக ஜோர்டான் மெக்னர் எழுதி 1989இல் வந்த ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டின் மூலநிரல் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2012இல் அவருடைய தந்தை தம் வீட்டில் ஒரு பெட்டிக்குள் அந்த ப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் நாயகனின் நிழலுருவம் எதிரியாக வரும். இன்னொரு பாத்திரத்தை வரைந்து வைக்க நினைவகத்தில் இடமில்லை. நாயகனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மீதே எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0 தரும் கணக்கு) செய்தார் மெக்னர். மினுங்கும் ஒரு நிழல் எழுந்து வந்தது. நான் வகுப்பில் எக்ஸாரை இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

நீங்கள் தொடங்க வேண்டியது சிப்-8. ஜோசஃப் வைஸ்பெக்கர் எழுபதுகளில் ஆர்சிஏவின் காஸ்மாக் விஐபி கணினிக்காக உருவாக்கிய எளிய மொழி அது. மொத்தம் 35 ஆணைகள், 16 ரெஜிஸ்டர் (ஒவ்வொரு எண்ணாக வைக்கும் சிறு அறை), 4096 பைட் நினைவகம், 64×32 புள்ளித் திரை. நிரல் 512ஆம் முகவரியில் தொடங்கும். உங்களுக்குத் தெரிந்த எந்த மொழியிலும் எழுதலாம், ஒரு வார இறுதி போதும். அங்கும் ஸ்பிரைட்டை (நகரும் சிறு உருவம்) எக்ஸார் செய்துதான் வரைய வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை வரைந்தால் அழிந்துவிடும், அழிந்தால் கடைசி ரெஜிஸ்டரில் 1 விழும், அதுவே மோதல். பந்து மட்டையில் படுவதை அறிய வேறு ஏற்பாடு தேவையில்லை.

அடுத்தவர் எழுதிய எமுலேட்டரை முதலில் பார்க்காதீர்கள். ஆணை விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். 8இல் தொடங்கி 6இல் முடியும் எண்ணுள்ள ஆணைக்கு வந்ததும் நில்லுங்கள். எண்ணை ஒரு பிட் வலப்பக்கம் தள்ளும் ஆணை அது. மூலக் கணினியில் இரண்டாம் ரெஜிஸ்டரை எடுத்துத் தள்ளி முதலாவதில் வைப்பார்கள். பின்னாளில் எச்பி-48 கால்குலேட்டருக்கு வந்த வடிவம் முதலாவதையே தள்ளிவிட்டது. இரண்டையும் நம்பி விளையாட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டீர்கள், எதனால் என்று எனக்கு எழுதுங்கள்.