சுற்றுச்சூழல் ஆய்வு முறைகளைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வேதியியல் படித்திருக்கிறேன். எங்கள் ஊர் ஏரியில் அவ்வப்போது மீன் செத்து மிதக்கிறது. காரணத்தை நானே ஆராய எதையெல்லாம் கற்க வேண்டும்?

பதில்: பத்து விதமான சோதனைகளை அரைகுறையாகப் பழகுவதைவிட ஒன்றை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். மீன் சாகும் ஏரி என்றால் அந்த ஒன்று கரைந்த ஆக்சிஜன். அதை அளக்க ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் வெளியிட்ட முறை இன்றும் நம்பகமானது. ஆக்சிஜன் மீட்டரின் அளவு சரியா என்று பார்க்கவும் இதுதான் உதவும்.

முதலில் நேரம். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது, இரவில் அதுவே உறிஞ்சுகிறது. 30 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். ஆனால் பச்சைப் பசேலென்ற ஏரியில் பிற்பகலில் 10-க்கு மேலும் காட்டும், விடியற்காலையில் 2-க்குக் கீழேயும் இறங்கும். மீன் சாவது அந்த விடியற்காலையில்தான். மதியம் மட்டும் அளந்துவிட்டு ‘ஏரி நன்றாக இருக்கிறது’ என்று எழுதும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. சூரிய உதயத்துக்கு முன் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை எடுங்கள். மீன் வளர்ப்புக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம்.

அடுத்தது மாதிரி எடுப்பது. பெரும்பாலான பிழைகள் லேபில் அல்ல, கரையில் நடக்கின்றன. 300 மில்லி பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜன் அளவு) பாட்டிலை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே சாய்த்துப் பிடித்து, சலசலப்பில்லாமல் நிரப்புங்கள். மூடியபின் கவிழ்த்துப் பாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், ஏனெனில் குமிழியிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும். நீரின் வெப்பநிலையை அங்கேயே குறியுங்கள்.

கரையிலேயே 1 மில்லி மாங்கனீஸ் சல்பேட், 1 மில்லி ஆல்கலி அயோடைடு அசைடு இரண்டையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடி, பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை, அந்த நிறமே பாதி விடை. படிந்தபின் 1 மில்லி அடர் கந்தக அமிலம் சேர்த்தால் கரைந்து மஞ்சளாகும். அசைடு கடும் நஞ்சு, அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

அதில் 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள், அதாவது நிறம் மறையும்வரை சிறுகச் சிறுக விட்டு, செலவான அளவைக் குறியுங்கள். (ரசாயனம் 2 மில்லி நீரை வெளியேற்றியதால்தான் 200-க்குப் பதில் 201.) செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். நிறம் வைக்கோல் மஞ்சளாக வெளிறிய பிறகே ஸ்டார்ச் விட வேண்டும். அப்போது வரும் நீலம் மறைவதுதான் முடிவுப்புள்ளி. முன்கூட்டி விட்டால் அயோடினைப் பிடித்துக்கொண்டு முடிவுப்புள்ளி தள்ளிப்போகும். நீலம் மறைந்த பிறகு மெல்லத் திரும்பி வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தயோசல்பேட் நாளாக ஆக வலுவிழக்கும், பொட்டாசியம் டைகுரோமேட்டால் அதை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது கைவந்தால் பிஓடி எளிது. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள், இருட்டில் வைப்பது வழக்கம். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை உண்டாக்கிவிடும். சாக்கடை நீரை அப்படியே வைத்தால் பாட்டிலின் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்து விடை கிடைக்காது. 6 மில்லி மாதிரியை 300-க்கு நீர்த்து (அதாவது 50 மடங்கு), மூன்று நாளில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குறைந்தால், பிஓடி 4 × 50 = லிட்டருக்கு 200 மில்லிகிராம். குறைந்தது 2 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும், கடைசியில் குறைந்தது 1 மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பிரச்சினைக்கு ஏற்ற அளவீடுதான் பேசும். திருப்பூர் சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு வந்த பெரிய கேடு உப்பு. அங்கே கரைந்த ஆக்சிஜனை மட்டும் அளந்தால் அது பிடிபடாது, மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். கடையில் கிடைக்கும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) பேனாவும் மின்கடத்துதிறனைத்தான் அளந்து ஒரு மாறிலியால் பெருக்கிக் காட்டுகிறது. மின்கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன்ஸ் என்று தெரிந்த திட்டக் கரைசலில் அதைச் சரிபார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

பிஓடி போன்றவற்றை வெளி லேபுக்கு அனுப்பினால் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். ஒரே மாதிரியை இரு பெயரில் இரு பாட்டிலாகவும், ஒரு பாட்டிலில் வெறும் காய்ச்சி வடித்த நீரையும் சேர்த்து அனுப்புங்கள். இரட்டைப் பாட்டில்களின் முடிவுகள் வெகுவாக விலகினாலோ, வடித்த நீரில் ‘மாசு’ தெரிந்தாலோ, மற்ற எண்களை எழுதும் முன் லேபிடம் விளக்கம் கேளுங்கள்.