‘அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’ என்று மிரட்டுகிறான்... வீட்டுக்குத் தெரியாமல் புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல். வயது 19. அதே காலேஜில் ஃபைனல் இயர் படிக்கும் ஒருவனை ஒரு வருடம் காதலித்தேன். இரண்டு மாதம் முன்பு பிரேக்-அப் ஆகிவிட்டது. அவன் கேட்டு நானே எடுத்து அனுப்பிய சில போட்டோக்கள் அவனிடம் இருக்கின்றன. ‘ஒரு தடவை ரூமுக்கு வா, உன் முன்னாடியே டெலீட் பண்றேன். வரலைன்னா ஞாயித்துக்கிழமை உங்கப்பா வாட்ஸ்அப்புக்குப் போயிடும்’ என்கிறான். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். நானே அனுப்பியதால் என் மேலும் கேஸ் வருமா? வீட்டுக்குத் தெரியாமல் புகார் கொடுக்கலாமா? காலேஜில் டிசி கொடுத்துவிடுவார்களா? எனக்கு கேஸெல்லாம் வேண்டாம், போட்டோ போனால் போதும். சித்தியிடம் மட்டும்தான் மனம் விட்டுப் பேசுவேன், அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம்

பதில்: ரூமுக்குப் போகாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

உங்கள் முன்னால் அவன் டெலீட் செய்தாலும் அந்தப் படம் போய்விடாது. ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை தனி ஃபோல்டரில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் குப்பைத்தொட்டியில் 60 நாள். பென் டிரைவிலோ நண்பனின் போனிலோ ஒரு காப்பி இருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இப்படி ‘டெலீட் பண்றேன் வா’ என்று கூப்பிட்டதை நம்பிப் போன பெண்கள் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். போகும்போது இருந்த பிரச்சினை ஒன்று, திரும்பி வரும்போது இரண்டு.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ‘நான்தானே அனுப்பினேன்’ என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாவது ஆளுக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் முறையே ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை. காதலனை நம்பி ஒரு படம் அனுப்பியதற்கு ஊர் உங்களை ஆயிரம் பேசலாம். இந்தப் பிரிவு பிடிப்பது அதைப் பரப்புகிறவனைத்தான்.

அவன் இன்னும் அனுப்பவில்லையே, வெறும் மிரட்டல்தானே என்று நினைக்க வேண்டாம். மிரட்டலே தனிக் குற்றம். அதே சட்டத்தின் 351-வது பிரிவில், ஒரு பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் ஏழு வருடம் வரை தண்டனை தரலாம். ‘ரூமுக்கு வா’ என்பதன் பொருள் என்ன என்று எந்த நீதிமன்றத்துக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்கு 75-வது பிரிவு, பாலியல் தொல்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு படம் போய்விட்டால் ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் படங்கள் எடுத்தபோது உங்களுக்கு 18 முடிந்திருந்ததா? ஒரு படமாவது அதற்கு முந்தையது என்றால் வழக்கு போக்சோவுக்குள் போய்விடும், அவனுக்கு நிலைமை பல மடங்கு மோசமாகும். தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

சரி, வீட்டுக்குத் தெரியுமா? உங்களுக்கு 19 வயது, சட்டப்படி மேஜர். புகாரில் உங்கள் கையெழுத்து போதும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் ஸ்டேஷன் எப்படி இயங்கும் என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வியே ‘அப்பா அம்மா வரலையாம்மா?’ என்றுதான் வரும். ‘நான் மேஜர், சார், புகார் நான் தருகிறேன்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த ஊரில் கொடுக்காமல் கோவையிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ சைபர் கிரைமிலோ கொடுங்கள். ‘இது எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும். இந்த வகைக் குற்றங்களில் பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. முகவரிக்கு ஹாஸ்டலைக் கொடுங்கள், போன் நம்பர் உங்களுடையது மட்டும்.

வழக்கு சார்ஜ் ஷீட், சாட்சி விசாரணை என்று வருடக்கணக்கில் போனால் வீட்டுக்குத் தெரியாமலேயே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அப்படித் தருகிற வக்கீலையும் நம்பாதீர்கள்.

‘கேஸ் வேண்டாம்’ என்கிறீர்கள். நம் ஊர் நடைமுறையில் அதற்கும் ஒரு வழி உண்டு. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது மட்டும் கொடுப்பார்கள். அவனையும் அவன் பெற்றோரையும் வரவழைத்து, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். பல பையன்கள் அத்தோடு அடங்கிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அவன் தன் போனோடு வீட்டுக்குப் போய்விடுவான். போனைக் கைப்பற்றித் தடயவியலுக்கு அனுப்ப வேண்டுமானால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஒருவருக்காவது அவன் படத்தைக் காட்டிவிட்டான் என்று தெரிந்தால் சி.எஸ்.ஆரோடு நிற்காதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் சாட்சியம். கோபத்தில் அவனை பிளாக் செய்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மேலே ‘செல்லம்’ என்று சேவ் செய்த பெயர் மட்டும்தான் தெரியும். அது யார் என்று நாளைக்கு அவன் வக்கீல் கேட்பார். அந்தப் பெயரை அழுத்தினால் வரும் நம்பர் பக்கத்தையும் எடுங்கள். தோழியின் போனை வாங்கி, சாட்டை மேலிருந்து கீழே மெதுவாகத் தள்ளிக்கொண்டே வீடியோ எடுத்து வையுங்கள். அவன் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினால் அண்மையில் அனுப்பிய மிரட்டல்கள் போய்விடும், அதனால் இன்றே. பிறகு அவனுக்கு ஒரே ஒரு செய்தி: ‘உன்னோடு எந்தத் தொடர்பும் வேண்டாம், என் படங்களை யாருக்கும் அனுப்ப உனக்கு அனுமதி இல்லை.’ திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொன்ன பிறகும் விடாமல் தொடர்புகொள்வது 78-வது பிரிவில் தனிக் குற்றம்.

படம் எங்காவது ஏறிவிட்டாலும் கதை முடிந்துவிடாது. 2021-ல் வந்த ஐ.டி. விதிகள், இப்படிப்பட்ட படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்றன; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஜூலையில், கல்லூரிக் காலக் காதலன் ரகசியமாக எடுத்த வீடியோ பரவி, ஒரு பெண் வழக்கறிஞரே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் அதை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் படித்தவருக்கே நடந்தது என்பதை நினைவில் வையுங்கள், உங்கள் வெட்கம் கொஞ்சம் குறையும். சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான இந்த வகைக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். ஆனால் பெயரில்லாத புகாரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தடுக்க முடியாது.

காலேஜ் விஷயம். டிசி பயம் தேவையில்லை, நீங்கள் புகார்தாரர். யு.ஜி.சி.யின் 2015 விதிகள்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், ரகசியம் காக்க வேண்டும். நம் கல்லூரிகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ‘பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா’ என்பதால், ‘நான் மேஜர், என் சம்மதமின்றி வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது’ என்று புகாரிலேயே ஒரு வரி சேருங்கள். துறைத் தலைவரிடம் போகாமல் நேராகக் குழுத் தலைவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தள்ளிப்போட வேண்டாம். அவன் ஃபைனல் இயர். மேயில் படிப்பு முடிந்து வெளியே போய்விட்டால் கல்லூரிக்கு அவன் மேல் இருக்கும் பிடி தளர்ந்துவிடும்.

பணம் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவோடு இணைப்பார்கள்.

கடைசியாக, அவன் கையில் இருக்கும் ஆயுதம் அந்தப் படங்கள்கூட இல்லை, அப்பாவுக்குத் தெரியாது என்பதுதான். அப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீடு எனக்குத் தெரியாது. ஆனால் சித்திக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போன் ஒலிக்கும்போது, அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் இருக்கட்டும்.