புத்தகத்தின் தோல் அட்டையில் தங்க வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

ஈசூன் வாசகர்: தோலில் பூ வேலை பதிக்கும் பித்தளைக் கருவிகள் முழு செட்டாக வாங்கலாமா அண்ணே?
வேண்டாம். கோடு போட ஓர் உருளி, வெவ்வேறு அளவில் நாலு வளைவு, ஒரு புள்ளி போதும். வளைவுகளையே மாற்றி மாற்றி வைத்தால் கொடியும் இலையும் வந்துவிடும்.

சூடு எவ்வளவு?
வேலையே இதில்தான் இருக்கிறது. சூடாக்கிய கருவியை ஈரப் பஞ்சில் ஒற்றுங்கள். விடாமல் சீறினால் சூடு அதிகம். சீற்றம் அடங்கும்போது எடுத்துத் தோலில் நேராக வைத்து, நாலு பக்கமும் லேசாகச் சாய்த்து, உடனே தூக்குங்கள். தங்கம் இல்லாத வெறும் பதிவு என்றால் தோல் ஈரமாகவும் சூடு குறைவாகவும் இருக்கட்டும். தங்கத்துக்கு, அந்தப் பதிவில் முட்டை வெள்ளைக்கரு பூசிக் காயவிட்டு, துளி எண்ணெய் தடவி, ரேக்கை (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, அதே பள்ளத்தில் சூடாக மறுபடி அழுத்த வேண்டும். கருவியின் முகத்தை நேராக நெருப்பில் காட்டாதீர்கள்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது.
அது பித்தளையைக் கண்டுகொள்ளாது. சாதாரண மின்தட்டு வாங்குங்கள்.

கைப்பை தைத்த மிச்சத் தோலில் பதிவு நிற்கவில்லை.
குரோமில் பதனிட்டதாக இருக்கும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

தெம்பனிஸ் வாசகி: தேவாரத்துக்கு அட்டை கட்டுகிறேன். முட்டை தொட மாட்டேன்.
அரக்குக் கலவை கிடைக்கும்.

இன்னொருவர்: ஆட்டுத்தோல் மட்டும் சைவமா?
அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்!

தெம்பனிஸ் வாசகி: தோல், வீட்டில் ஏற்கெனவே கிடந்தது. புதிதாக எதையும் கொல்லவில்லை.
நியாயம்தான்.

மூன்றாமவர்: அரக்கும் பூச்சி தருவதுதானே?
ஆமாம், பூச்சிதான். அக்கா, துணி அட்டைக்கு மாறுங்கள். பசை பூசியே வரும் ஃபாயிலை மேலே வைத்துச் சூடாக அழுத்தினால் போதும். ரேக்கின் மினுமினுப்பு வராது, ஆனால் யாரும் வம்புக்கு வரமாட்டார்கள். இதை இத்தோடு விடுவோம்.

சூடு எத்தனை டிகிரி?
மேலே படியுங்கள். எண்ணை நம்பாதீர்கள், பஞ்சை நம்புங்கள்.

பழைய ஈய அச்செழுத்தைச் சூடாக்கலாமா?
மெல்லிய சூட்டில் மட்டும், அதுவும் மின்தட்டில். நெருப்பில் உருகிவிடும். கருவியின் முகத்தை நெருப்பில் காட்டாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா?

கட்டிய புத்தகத்தில் பூஞ்சை.
நம் சிங்கப்பூர் ஈரக்காற்றுக்கு உலர்பெட்டிதான் வழி.

தாத்தாவின் கம்பராமாயணம், தோல் செந்தூளாக உதிர்கிறது. பூ வேலை செய்யலாமா?
கூடாது. அந்தத் தோல் சூட்டைத் தாங்காது. அதற்கு ஒரு பெட்டி செய்து, பூவைப் பெட்டி மேல் போடுங்கள்.