பயிற்சி இல்லாத தன்னார்வலர்கள் தரும் தரவை அறிவியல் ஆய்வில் எப்படி நம்புவது?

தன்னார்வலர்கள் தரவு திரட்டும் அறிவியல் திட்டங்கள் தனி ஒருவரின் கூர்மையை நம்பி நடப்பதில்லை. 2007-இல் தொடங்கிய 'கேலக்ஸி ஸூ' திட்டத்தில் ஒரே விண்மீன் மண்டலத்தின் படத்தைப் பலர் தனித்தனியே பார்த்து வகைப்படுத்தினார்கள். ஒருவர் தவறினாலும் மற்றவர்களின் பதில்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து தவறினால்? உண்மையான ஆபத்து இதுதான். 'கேலக்ஸி ஸூ' திட்டத்தில் வலஞ்சுழியைவிட இடஞ்சுழியாகத் தெரிந்த சுருள் விண்மீன் மண்டலங்களின் எண்ணிக்கை கூடுதலாக வந்தது. ஆய்வாளர்கள் படங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி மீண்டும் காட்டினார்கள். வானத்தில் உண்மையிலேயே இடஞ்சுழி அதிகமென்றால், திருப்பிய படங்களில் வலஞ்சுழி மிகுந்திருக்க வேண்டும். அப்போதும் இடஞ்சுழியே மிகுந்தது! சாய்வு வானத்தில் இல்லை, பார்த்தவர்களின் கண்ணில் இருந்தது. இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பறவைப் பதிவுகளுக்கான 'ஈபேர்டு' வேறு வழியில் செல்கிறது. அந்த இடத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தாத பதிவு வந்தால் மென்பொருள் அடையாளமிடும். பிறகு அப்பகுதியை அறிந்த வல்லுநர் சரிபார்ப்பார், தேவையானால் படம் கேட்பார்.

கேள்வியை எளிமையாக அமைப்பதும் முக்கியம். 'தெரியவில்லை' என்று சொல்லும் வாய்ப்பைக் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மனிதர்கள் ஊகித்துவிடுவார்கள்.