64 பிட் கெர்னல், 32 பிட் ஆப்: பொது ஹெடரை எப்படி எழுதுவது?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் ஈரப்பத சென்சாருக்கு லினக்ஸ் ட்ரைவர் எழுதினோம். சேலத்தில் கம்பைல் செய்த 32 பிட் ஆப், 64 பிட் ஏஆர்எம் கெர்னலில் ஐஆக்டல் (ioctl, ஆப் ட்ரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) அழைத்தால் ஈநாட்டி (ENOTTY, ‘இந்தக் கட்டளை தெரியாது’) பிழை வருகிறது. கட்டளையோடு போகும் ஸ்ட்ரக்டில் (தரவுத் தொகுப்பில்) நேரத்துக்கு லாங் என்ற எண் வகையைப் போட்டிருக்கிறோம். ட்ரைவரும் ஆப்பும் பொதுவாகப் பயன்படுத்தும் ஹெடர் கோப்பில் தப்பா?

பதில்: ஆமாம், அந்த லாங்தான். 32 பிட்டில் அது 4 பைட், 64 பிட்டில் 8. ஐஆக்டல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் பொதிந்திருக்கிறது. அளவு மாறினால் எண்ணும் மாறும்; ட்ரைவர் அந்தக் கட்டளையை அடையாளமே காணாது.

லாங், பாயிண்டர் (நினைவக முகவரி) இரண்டையும் எடுத்துவிட்டு, முன்னால் இரட்டை அடிக்கோடு உள்ள யு32, யு64 (__u32, __u64) என்ற, எங்கும் அளவு மாறாத வகைகளைப் போடுங்கள். பாயிண்டரையும் யு64 ஆகவே அனுப்புங்கள். யு64 புலங்களை முதலில் வையுங்கள். ஸ்ட்ரக்டில் இடைவெளி விழுந்தால் கம்பைலரிடம் விடாமல் நீங்களே ஒரு ரிசர்வ்டு (பின்னாள் தேவைக்கு ஒதுக்கிய) புலம் போட்டு நிரப்புங்கள். இல்லையென்றால் அந்தப் பைட்டுகள் வழியாகக் கெர்னல் நினைவகத்தில் உள்ளது ஆப்புக்குக் கசியலாம். ரிசர்வ்டு புலம் பூஜ்யமாக இல்லாவிட்டால் ட்ரைவரில் ஐன்வால் (EINVAL, ‘தவறான மதிப்பு’) பிழையைத் திருப்புங்கள். இந்தச் சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் புலத்துக்கு வேலை கொடுக்கவே முடியாது, பழைய ஆப்கள் அதில் குப்பையை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஹெடரை மட்டும் திருத்தினால் போதாது. ட்ரைவரில் 32 பிட் ஆப்களின் அழைப்பைக் கையாளும் கம்பாட் ஐஆக்டல் (compat_ioctl) புலம் காலியாக இருந்தாலும் 32 பிட் ஆப்புக்கு இதே பிழைதான் வரும். அதில் கெர்னலே தரும் கம்பாட் பிடிஆர் ஐஆக்டல் (compat_ptr_ioctl) ஃபங்ஷனை வையுங்கள்.