டெல்லிக்கு முன்னால் சத்துவாச்சாரி

கேள்வி: வேலூரில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கைலி நெய்கிறார். வெள்ளம், தீ, தொழிற்சாலை விபத்து போன்றவற்றில் மக்களைக் காக்க அரசு எப்படி விதி போடுகிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அதற்கு டெல்லியில்தான் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். அங்கே தங்க வசதியில்லை, யாரையும் தெரியாது. என்ன செய்யலாம் மேடம்?
– ஒரு மாணவர், குடியாத்தம்

பதில்: டெல்லிக்குப் பிறகு போகலாம் தம்பி, முதலில் வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வாருங்கள். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. அதற்குத் தலைவர் ஆட்சியர். மாவட்டத்துக்கென்று தனித் திட்டமும் இருந்தாக வேண்டும். வேலூர் மாவட்டத் திட்டத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பொங்கியதும், அதே மாதம் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் திட்டத்தின் எந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

பார் கவுன்சில் விதிப்படி உங்களுக்கு 20 வாரப் பயிற்சி கட்டாயம் (மூன்றாண்டுப் படிப்புக்கு 12). ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எங்கெங்கே பயிற்சி பெறலாம் என்ற பட்டியலில் உள்ளாட்சி அமைப்புகளும் இருக்கின்றன. ஆக, வேலூர் மாநகராட்சியையும் உங்கள் ஊர் நகராட்சியையும் கேட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று மட்டும் கல்லூரியில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் போகச் சொல்லும் இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதன் செயலாளர் ஒரு நீதிபதி. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு அவரைப் பாருங்கள். வெள்ளத்திலோ தொழிற்சாலை விபத்திலோ பாதிக்கப்பட்டவருக்கு, வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த உரிமையை ஊருக்குள் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் வேண்டும். சட்ட மாணவர்கள் தன்னார்வலர்களாகச் சேரவும் வழி உண்டு.

அப்புறம் ஒரு சின்ன வேலை. என்னிடம் வரும் மாணவர்களுக்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் தீபாவளித் தற்காலிகக் கடை பற்றிய விதியைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். கொட்டகை எரியாத பொருளில் இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் மூன்று மீட்டர், வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களுக்கு ஐம்பது மீட்டர் இடைவெளி. கடைகள் எதிரெதிரே இருக்கக் கூடாது. திறந்த விளக்கு கூடாது. படித்தால் ஐந்து நிமிடம்தான். அதையே ஒரு டேப்போடு கடைத்தெருவில் போய் அளந்து பாருங்கள். ஐம்பது மீட்டரைக் கடை வாசலிலிருந்து அளப்பதா, பின்பக்கத்திலிருந்தா? பக்கத்தில் இருக்கும் தறிக்கூடம் எந்தக் கணக்கு? அனுமதிக்கு முன் வருவாய்த் துறை, காவல், தீயணைப்பு என்று யார் யார் அறிக்கை தருகிறார்கள், ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்க்கிறாரா? விதி எழுதியவர் நினைத்துப் பார்க்காத இடம் அங்கேதான் தெரியும். 2021 ஏப்ரலில் லத்தேரி பட்டாசுக் கடைத் தீயில் ஒரு தாத்தாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இந்த விதியை என்னால் வெறும் காகிதமாகப் பார்க்க முடியவில்லை.

கடை அனுமதிக் கோப்பு பார்க்கக் கிடைத்தால் குறிப்புகளைத் தேதி வரிசையில் படியுங்கள். செல்போனில் படம் எடுக்காதீர்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, முப்பது நாளில் பதில்.

‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ வழக்கின் 1996 தீர்ப்பை முழுதாகப் படிக்காமல் எந்த விண்ணப்பமும் எழுதாதீர்கள். பாலாற்றையும் 35,000 ஹெக்டேர் விளைநிலத்தையும் தோல் பதனிடும் கழிவு கெடுத்ததைச் சொல்லும் தீர்ப்பு. ஆபத்தை முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது நம் மாவட்டத்து வழக்கில்தான். டெல்லியில் நேர்காணலில் உட்காரும் வேலூர்ப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

டெல்லியில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தேசிய மனித உரிமை ஆணையமும் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. மனித உரிமை ஆணையம் இணைய வழியிலும் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. தங்கும் செலவு இல்லை, அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். ‘எனக்கு ஆர்வம் அதிகம்’ என்று எழுதாமல், குடியாத்தத்தில் என்ன அளந்தீர்கள், எந்த விதி எங்கே இடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள்.

தற்காலிகக் கடை மனுக்கள் தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வரத் தொடங்கிவிடும். கல்லூரி முதல்வரின் கடிதத்தை ஆகஸ்டுக்குள் வாங்கிவிடுங்கள்.